சுருங்கும் கடல் சாமந்தி: முதலில் உப்பை அளந்து பாருங்கள்

கேள்வி: 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டி அமைத்து இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு கோமாளி மீன்கள் நன்றாக இருக்கின்றன. மூன்று வாரத்துக்கு முன் பபுள் டிப் வகைக் கடல் சாமந்தி (பூப்போல விரியும் கடல் உயிரி, sea anemone) ஒன்றை வாங்கி விட்டேன். வரும்போதே பளிச்சென்று வெள்ளையாக, அழகாக இருந்தது. இப்போது பகலில் பாதி நேரம் சுருங்கிக் கிடக்கிறது, இடமும் மாறிக்கொண்டே இருக்கிறது. முழு இறால் கொடுத்தால் விழுங்கிவிட்டு மறுநாள் கக்கிவிடுகிறது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம். நைட்ரேட் 10 பிபிஎம். தினமும் 2 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. முன்பு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினேன், கடல் உயிர் ஆயிற்றே என்று சாமந்தி வந்ததிலிருந்து உப்புநீரே ஊற்றுகிறேன். மருந்து ஏதாவது போடலாமா ஐயா?

பதில்: மருந்து வேண்டாம். மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு விற்கும் மருந்துகளில் பலவற்றில் தாமிரம் இருக்கும். மீன் தாங்கும் அளவே சாமந்தியைக் கொன்றுவிடும்.

உங்கள் கேள்வியின் கடைசி வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 35 கிராம் வீதம் 200 லிட்டரில் 7 கிலோ உப்பு. தினமும் 2 லிட்டர் உப்புநீர் என்றால் 70 கிராம் கூடுதல். மூன்று வாரத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ! இடையில் தண்ணீர் மாற்றாமல் இருந்தால் உப்பு இப்போது லிட்டருக்கு 42 கிராமைத் தொட்டிருக்கும். மீன்கள் செவுள் வழியாக உப்பை வெளியேற்றிச் சமாளித்துக்கொள்ளும், அதனால்தான் அவை நன்றாக இருப்பதாகத் தெரிகிறது. சாமந்திக்கு அந்த வசதி கிடையாது. வெளியே இருக்கும் உப்புதான் அதன் உடம்புக்குள்ளும்.

ஊகத்தை நம்பி எதையும் செய்ய வேண்டாம். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியை 35 பிபிடி (ஏறக்குறைய லிட்டருக்கு 35 கிராம் உப்பு) திரவத்தில் சரிபார்த்துவிட்டு அளவெடுங்கள். 42 காட்டினால் ஒரேயடியாக இறக்காதீர்கள், அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். தினமும் 5 லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்.ஓ. தண்ணீரை மெதுவாக ஊற்றினால் நாளுக்கு ஒரு பிபிடி போலக் குறையும். 35-க்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். ஆவியாகும் நீருக்கு இன்றிலிருந்து என்றைக்கும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும்தான். வாரம் ஒருமுறை 10 சதவீதம் தண்ணீர் மாற்றும்போது மட்டும் உப்புநீர். வெப்பம் 25 முதல் 27 டிகிரிக்குள் ஏறி இறங்காமல் இருக்கட்டும்.

இனி அந்த வெள்ளை நிறம். அது அழகு இல்லை, பசி. இதன் திசுக்களுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் வாழ்கின்றன. ஒளியை வாங்கிச் சாமந்திக்கு உணவு தயாரிப்பவை அவைதான். பழுப்புச் சாயலும் அவற்றால் வருவதுதான். பிடித்து, அடைத்து, இருட்டில் கொண்டுவரும்போது பாசியை இழந்துவிட்டிருக்கிறது. கடையில் பழுப்பாக, மங்கலாகத் தெரிவதுதான் உண்மையில் நல்ல சாமந்தி. பளிச்சென்ற மஞ்சளோ ஊதாவோ கண்டால் சாயமா என்று சந்தேகப்படுங்கள். வெளுத்ததற்கு முழு விளக்கைப் போட்டு வாட்டாமல், பாதி ஒளியில் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

பாசி திரும்பும் வரை நீங்கள்தான் ஊட்ட வேண்டும். ஆனால் முழு இறால் வேண்டவே வேண்டாம். செரிக்க முடியாததைக் கக்குகிறது. கக்கியது அழுகித் தண்ணீரைக் கெடுக்கிறது. சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு இறால் துண்டு, வாரம் இரண்டு முறை, விரிந்திருக்கும்போது மட்டும். பிடிக்காமல் உதறிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம், அது நடந்துபோவதைத் தடுக்காதீர்கள். ஒளியும் நீரோட்டமும் ஒத்துவரும் பொந்தைத் தேடுகிறது. கையால் பிய்த்து வேறு இடத்தில் வைத்தால் அடிப்பாகம் கிழியும், கிழிந்தது பிழைப்பது கடினம். அலை மோட்டாரின் உறிஞ்சும் வாய்க்கு இன்றைக்கே ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். உள்ளே இழுக்கப்பட்ட ஒரு சாமந்தி தொட்டி முழுவதையும் நாசமாக்கிவிடும்.

அம்மோனியா பூஜ்ஜியம் என்பதால் தொட்டி தயார் என்று நினைத்திருப்பீர்கள். அது மீனுக்குப் போதும். சாமந்திக்கு ஆறு மாதமாவது ஓடி நிலைத்த தொட்டி வேண்டும் என்பது என் கருத்து. தெரிந்தவர் யாரிடமாவது பழைய, நிலையான உப்புநீர்த் தொட்டி இருந்தால் அங்கே சில மாதம் விட்டுவைப்பது நல்லது. அப்போதும் உங்கள் தண்ணீரிலிருந்து அவர் தண்ணீருக்குச் சொட்டுச் சொட்டாக, பொறுமையாகப் பழக்க வேண்டும். நன்றாக அமைந்துவிட்டால் இவை லேசில் சாவதில்லை. ஸ்காட்லாந்தில் 1828-இல் பிடித்த ஒரு சாமந்தி, வேறு வகைதான், 1887 வரை கண்ணாடிப் பாத்திரத்திலேயே வாழ்ந்தது.

தினமும் ஒருமுறை சுருங்கிக் கழிவைத் தள்ளிவிட்டு மறுபடி உப்புவது இயல்புதான், பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது வாய். இறுக மூடியிருந்து, பாதம் பாறையைப் பற்றியிருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. வாய் பிளந்து நின்று, உடல் குழைந்து, நாற்றம் வந்தால் தாமதிக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். உடனே கால் பங்குத் தண்ணீரை மாற்றி, மீன்தொட்டிக்கென விற்கும் கரித்துகள் (activated carbon) பை ஒன்றை வடிகட்டியில் போடுங்கள். புதுத் தண்ணீரின் உப்பும் வெப்பமும் தொட்டியில் அப்போது உள்ள அளவிலேயே இருக்கட்டும். மீன்களையாவது காப்பாற்றலாம்.