காதிலிருந்து கசிவது

கேள்வி: எனக்கு வயது 71. கல்லூரியில் படிக்கும் பேரன் எந்நேரமும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டிருக்கிறான். பாட்டு கேட்கிறேன் என்கிறான். ஆனால் அதில் யாரும் பாடுவதாகவே தெரியவில்லை, மூச்சு விடாமல் பேசுகிறார்கள். "இதெல்லாம் இசையே இல்லையடா" என்றால், "உங்களுக்குப் புரியாது தாத்தா" என்று சிரிக்கிறான். யார் சொல்வது சரி?
- வாசகர், திருவாரூர்

பதில்: ஐயா, பேரன் கேட்பது பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. இசையே இல்லை என்பது வேறு வழக்கு. அந்த வழக்கை அரசாங்கமே தொடுத்துத் தோற்றிருக்கிறது. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதியதால், அகில இந்திய வானொலியில் அவை ஏறக்குறைய ஒலிக்காமலே போயின. நேயர்கள் அதற்காகச் சாஸ்திரிய சங்கீதத்துக்கு மாறிவிடவில்லை. வானொலியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கப்பட்டு, அகில இந்திய வானொலியே திரைப்பாடல்களை அழைத்து உட்கார வைத்தது. இன்று பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் 'பழைய பாட்டு'களில் ஒரு பகுதி, அன்று இப்படி வாசலில் நிறுத்தப்பட்டவைதாம்.

ஆர்மோனியத்தின் கதை இதைவிட வேடிக்கையானது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிச் செல்ல அதனால் முடியாது, ஆகவே கமகம் பேசாது, நம் சங்கீதத்துக்கு உதவாது என்று 1940-இல் வானொலி அதற்குத் தடை விதித்தது. அந்தத் தடை தளர 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதே ஆண்டுகளில் நம் நாடகக் கொட்டகைகளில், மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக் கட்டையில் விரல் ஓட, நடிகருடன் போட்டி போட்டுப் பின்பாட்டுப் பாடியவருக்காகவே விடிய விடிய உட்கார்ந்திருந்த கூட்டம் இருந்தது. கமகம் வராது என்ற குறை உண்மைதான். குறை சொன்னவர்கள் காது கேளாதவர்களும் இல்லை. ஒரு குறை இருக்கிறது என்பதிலிருந்து இது இசைக்கருவியே இல்லை என்பதற்குத் தாவியதில்தான் பிழை நேர்ந்தது.

பாடாமல் பேசுகிறார்கள் என்ற குறைக்கு வருகிறேன். உங்கள் பக்கத்து ஊர்களில் காமன் பண்டிகையின்போது லாவணி கேட்டிருப்பீர்கள். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று எதிர்க்கட்சியும், டேப்பு என்ற தோல்கருவியை அடித்துக்கொண்டு, கேள்விக்குக் கேள்வி, எதுகைக்கு எதுகை என்று ஒருவரையொருவர் மடக்குவார்கள். அங்கே இனிமையான குரலை யாரும் தேடுவதில்லை. தாளம் தப்பாமல் சொல்லைக் கொண்டுபோய் எதிராளியின் மேல் இறக்குகிறானா என்றுதான் பார்ப்பார்கள். பேரன் கேட்கும் சொல்லிசையில் (ராப்) நல்லதைக் கெட்டதிலிருந்து பிரிக்கும் அளவுகோலும் ஏறக்குறைய இதுதான். அமிர்தவர்ஷினி ராகத்தைத் தேடிக்கொண்டு அங்கே போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேரன் கேட்பதை நீங்கள் உண்மையில் கேட்டதில்லை. இயர்போனிலிருந்து வெளியே கசிவது 'இஸ், இஸ்' என்ற மேல் ஸ்தாயிச் சத்தம் மட்டுமே. அடியில் ஓடும் கனத்த நாதம் வெளியே வருவதில்லை. என் மகளிடமிருந்து ஒரு பக்கத்து இயர்போனை வாங்கி நானும் மாட்டிப் பார்த்தேன். குரல் தாளத்துக்குச் சற்றுப் பிந்தி, வேண்டுமென்றே சோம்பலாக வந்து விழுவது அப்போதுதான் பிடிபட்டது. பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். வீட்டுக்கு ஒரு வானொலி இருந்த காலத்தில் அப்பாவின் கச்சேரியை மகனும், மகனின் சினிமாப் பாட்டை அப்பாவும் திட்டிக்கொண்டேனும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கி தெருவில் எவரையும் விட்டுவைத்ததில்லை. விரும்பாமல் காதில் விழுந்தவற்றில் பாதி, நாளடைவில் விருப்பமாகவே ஆகிவிட்டன. அந்த வாய்ப்பைத்தான் இயர்போன் எடுத்துவிட்டது.

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 52. தொண்ணூறுகளோடு இசை முடிந்துவிட்டது என்று தினமும் சொல்கிறார். எப்படிப் பதில் சொல்வது?
- வாசகி, கோவை

பதில்: 1992-இல் 'ரோஜா' வெளிவந்தபோது அவருக்கு 18 வயது இருந்திருக்கும். "இது கம்ப்யூட்டர் போடுகிற சத்தம்" என்று அன்று எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். உங்கள் தாத்தா என்ன சொன்னார் என்று அப்பாவிடமே கேட்டுப் பாருங்கள். விடலைப் பருவத்தில் கேட்ட பாட்டு, அந்த வயதின் சைக்கிளோடும் தேர்வுகளோடும் சொல்லாமல் விட்ட காதலோடும் சேர்ந்தே மனத்தில் தங்கிவிடுகிறது. அந்த இடத்தைப் பின்னால் வரும் பாட்டு எளிதில் பிடித்துவிட முடியாது. தவிர, தொண்ணூறுகளில் வந்த மட்டமான பாடல்களைக் காலம் சல்லடையில் சலித்துக் கொட்டிவிட்டது. உங்கள் காலத்துப் பாடல்கள் இன்னும் சலிக்கப்படவில்லை. நம் பேச்சுவழக்கில் பழமைப் பிடிப்புள்ள ஆளைச் 'சுத்தக் கர்நாடகம்' என்பார்கள். உங்கள் அப்பா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கேலி புழக்கத்தில் இருந்தது.

வாதம் செய்யாதீர்கள். அடுத்த முறை காரில் போகும்போது அவருடைய பாடல்கள் இரண்டுக்குப் பிறகு உங்களுடையது ஒன்று என்று ஒலிக்கவிடுங்கள். வார்த்தை காதில் விழவில்லை என்பார். சில பாடல்களில் அது உண்மை, ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டாவது சரணம் எங்கே என்பார். அதற்கு என்னிடமும் பதில் இல்லை.