கார் எஞ்சினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போய், சூடானதும் நின்றுவிடுகிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், காலையில் வண்டி ஒழுங்காகக் கிளம்புகிறது. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போவதற்குள் சூடேறி, கோயில் வாசல் கூட்டத்தில் வேகத்தைக் குறைத்ததும் ஆடி ஆடி ஆஃப் ஆகிவிடுகிறது. கரும்புகை, பெட்ரோல் வாடை, மைலேஜ் பாதி. பிளக், ஆக்சிஜன் சென்சார் இரண்டையும் மாற்றியும் பலனில்லை.

ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னவர் மேல்தான் எனக்குக் கோபம். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து சொல்வதுதான் அதன் வேலை. காய்ச்சல் காட்டிய தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிய கதை அது. பழைய சென்சாரைக் குப்பையில் போடாமல் வைத்திருங்கள், பெரும்பாலும் அது நல்ல சென்சார்தான்.

காலையில் ஓடி, சூட்டில் நிற்பதே ஒரு துப்பு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் கணக்குக்கு மேல் கொஞ்சம் ஊற்றித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் வண்டியின் கோளாறு கண்ணில் படாது. சூடான பிறகு அதே அளவு போனால் பிளக் நனைந்து கரி பிடித்து, ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, எஞ்சின் மூச்சு முட்டி நிற்கும்.

இப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த அதிகப்படி பெட்ரோலை ஈ.சி.யு. (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) கேட்டு வாங்குகிறதா, கேட்காமலே வருகிறதா? இது தெரியாமல் எந்தப் பாகத்திலும் கை வைக்காதீர்கள்.

தெரிந்துகொள்ள பெரிய ஸ்கேனர் வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் (ஈ.சி.யு.வின் தகவலைப் படிக்கும் இடம்) இருந்தால், மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். சூடான எஞ்சினை ஐடிலில் விட்டு லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள். ஈ.சி.யு. பெட்ரோலைக் கணக்கிலிருந்து எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது சொல்லும். பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 10 சதவீதத்துக்குள் இருப்பது சாதாரணம். மைனஸ் 20, அதற்கும் கீழே என்றால், ஈ.சி.யு. தன்னால் முடிந்தவரை பெட்ரோலைக் குறைத்துக்கொண்டிருக்கிறது, ஆனாலும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது. பி0172 (கலவை ரிச், அதாவது பெட்ரோல் அதிகம்) என்ற எரர் கோடு விழுவதும் இந்த நிலையில்தான்.

அப்படியானால் தேட வேண்டிய இடங்கள் சில. டேங்க்கை நிரப்பிய கையோடு ஸ்டார்ட் ஆக மறுத்தால், டேங்க்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கலாம். அதன் ஹோஸை விரலால் அடைத்துப் பாருங்கள், ஐடில் தெளிந்தால் அதுதான். எஞ்சினில் பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக்கும் பிரஷர் ரெகுலேட்டர் இருந்தால் அதன் வேக்குவம் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு சொட்டு பெட்ரோல் இருந்தாலும் அதன் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்துவிட்டது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒழுகினால் வண்டியை ஆஃப் செய்த பிறகு பெட்ரோல் பிரஷர் மளமளவென்று இறங்கும். எம்.ஏ.பி. சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) உள்ள வண்டியில் அதையும் பாருங்கள். நம் ஊர் தாழ்வான சமவெளி, சாவியை மட்டும் போட்டால் அது 100 கிலோபாஸ்கல் அளவில் காட்டும். சூடான ஐடிலில் 30-40க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஹோஸில் விரிசல் தேடுங்கள்.

டிரிம் பூஜ்யத்தை ஒட்டியே நின்றும் புகை கருப்பாக வந்தால் கதை வேறு. ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது, ஈ.சி.யு. அதை நம்பி ஊற்றுகிறது.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வண்டி இப்படித்தான் எங்கள் பட்டறைக்கு வந்தது. பெரிய வீடு, பிள்ளைகள் வெளியூரில். கல்யாணம், முன்னோர் படைப்பு என்றால்தான் கார் ஷெட்டைத் திறப்பார்கள். "தம்பி, காலையில நல்லாத்தான் கெளம்புது. திருமயம் போறதுக்குள்ள நின்னு நின்னு மானத்த வாங்குது" என்றார் அந்த ஆச்சி. செக் எஞ்சின் லைட் எரியவில்லை, கோடும் இல்லை. வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்தி, காலையில் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தேன். உள்ளே வரும் காற்று 28 டிகிரி, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 4 டிகிரி. சித்திரை மாதத்தில், செட்டிநாட்டில், 4 டிகிரி! ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

கூலன்ட் சென்சார் சூடாக ஆக ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை. பல வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டு, இரண்டரை கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். சென்சாரைக் கழற்றி மீட்டரில் அளந்தால் சரியாகவே இருந்தது. குறை கனெக்டரில்: அதன் உலோகப் பின்னில் பச்சைக் களிம்பு ஏறி ரெசிஸ்டன்ஸைக் கூட்டியிருந்தது. ஒயர் முழுதாக அறுந்திருந்தால் மைனஸ் 40 காட்டும், ஈ.சி.யு. விழித்துக்கொண்டு லைட்டைப் போடும். 4 டிகிரி என்பது உலகத்தில் எங்காவது நடக்கக்கூடிய எண், அதனால் சந்தேகப்படவில்லை. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து, ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காமலே ஊற்றிக்கொண்டிருந்தது. பின்னைச் சுத்தம் செய்து புது கனெக்டர் போட்டதும் புகை நின்றது.

இதில் புகையைவிடப் பயப்பட வேண்டிய விஷயம் ரேடியேட்டர் ஃபேன். பல வண்டிகளில் அதே சென்சாரைப் பார்த்துத்தான் ஃபேன் சுற்றும். குளிராக இருக்கிறது என்று நம்பும் ஈ.சி.யு. ஃபேனைப் போடாது. டாஷ்போர்டு முள்ளுக்குத் தனி சென்சார் வைத்த வண்டி என்றால் முள் ஏறுவதாவது தெரியும். இல்லையென்றால் அதுவும் தெரியாது. உங்களுடையதில் முதலில் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. கலவை லீன் பக்கம்தான், அதாவது பெட்ரோல் குறைவான பக்கம்தான் போகும்.

பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் வரத்தை மூடும் ஃப்ளோட் நீடில் சரியாக உட்காராமல் பெட்ரோல் வழியும், அதை முதலில் பாருங்கள். எஸ்.யு. வகைக் கார்புரேட்டர் என்றால், சோக்கை உள்ளே தள்ளிய பிறகும் பெட்ரோல் வரும் ஜெட் மேலே ஏறாமல் கீழேயே நிற்கலாம். ஐடிலில் கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச், அணைந்தால் லீன்.

சரி, வழியில் நின்றுவிட்டால்: பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்தும், நனைந்த பிளக் காயும். அப்புறம் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால், கோளாறைச் சரிசெய்ததும் ஆயிலையும் மாற்றுங்கள்.

காலையில் குளிர்ந்த எஞ்சினில் கூலன்ட், காற்று இரண்டின் வெப்பம். சூடான ஐடிலில் லாங் டெர்ம் டிரிம், எம்.ஏ.பி. இந்த நான்கு எண்களையும் கீழே போடுங்கள், அடுத்து எதைக் கழற்றலாம் என்று சொல்கிறேன்.