கேளுங்கள், சொல்கிறோம்: பேரலல் பாரும் சேலத்து வெள்ளைக்கல்லும்

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. பள்ளியில் பேரலல் பார் (இணையாக நிற்கும் இரண்டு கட்டைகள் கொண்ட ஜிம்னாஸ்டிக்ஸ் கருவி) பழகுகிறான். ஊஞ்சல் போல வீசி ஆடும்போது தோள் வலிக்கிறதாம். எதைக் கவனிக்க வேண்டும்?
(ஒரு தாய், அஸ்தம்பட்டி)

பதில்: முதலில் அகலம். போட்டிக்கான பாரில் கட்டைகள் 3.5 மீட்டர் நீளம். இடைவெளியை 42 முதல் 52 செ.மீ. வரை மாற்றலாம். பழகும் பிள்ளைக்கு அளவு ஒரு முழம். பூக்காரம்மா அளக்கும் அதே முழம்தான், ஆனால் பையனின் கையால். பெரும்பாலும் 40 செ.மீ.க்குள் வரும், ஆகவே உங்கள் பள்ளிப் பாரை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்கச் சொல்லுங்கள். கைகள் அகன்றால் உடல் எடை நேராக இறங்காமல் தோளின் முன்பக்கத்தை இழுக்கும். இரு முனையிலும் டேப் பிடித்துப் பார்ப்பது அவசியம். ஒரு பக்கத் திருகு தளர்ந்தாலே கட்டைகள் விரிந்துவிடும்.

அடுத்தது, அவசரப்படக் கூடாது. கட்டைகளில் கைகளை ஊன்றி, முழங்கையை மடக்காமல், தோளைக் கீழே அழுத்தி, கழுத்து நீண்டு தெரிய 30 விநாடி அசையாமல் நிற்க வராத பிள்ளையை வீசவிடக் கூடாது. பிறகு கைகளாலேயே முனைக்கு முனை நடக்கட்டும். அதன் பிறகே சின்ன வீச்சு, அதுவும் தோளிலிருந்து. கால் முன்னே போகும்போது தோள் கைக்குச் சற்றுப் பின்னே, கால் பின்னே போகும்போது சற்று முன்னே வர வேண்டும். கால் வீச்சின் அடிப்பகுதியைக் கடக்கும் கணத்தில்தான் பாரம் அதிகம். முழங்கை மடங்குவதும் அங்கேதான். மடங்கினால் அன்றைக்கு வீச்சை நிறுத்திவிட்டு நிற்கும் பயிற்சிக்கே திரும்புங்கள்.

கேள்வி: பெண்கள் போட்டியில் இது உண்டா?
(கல்லூரி மாணவி, ஓமலூர்)

பதில்: இல்லை, இது ஆண்களின் ஆறு கருவிகளில் ஒன்று. பெண்களுக்கு ஒன்று உயரமும் ஒன்று தாழ்வுமான அன்ஈவன் பார். பயிற்சிக்குப் பேரலல் பார் தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி: கையில் பூசும் மாவு மக்னீசியம் கார்பனேட் என்கிறார்கள். நம்மூர் வெள்ளைக்கல்லும் அதுதானே, இடித்துப் பூசலாமா?
(உடற்பயிற்சி ஆசிரியர், ஏற்காடு)

பதில்: வேண்டாம். வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் கல்லின் பெரும்பகுதி மக்னீசியம் கார்பனேட்தான். ஆனால் அதில் சிலிக்காவும் கலந்திருக்கும்; இடித்த தூசி நுரையீரலுக்குக் கேடு, கரடான துகள் தோலையும் கட்டையையும் அராவும். கடையில் விற்பது ரசாயன முறையில் படியவைத்த, பஞ்சு போன்ற மாவு. வியர்வையை நன்றாக உறிஞ்சும். கரும்பலகைச் சாக்பீஸ் அந்த வேலையைச் செய்யாது. உங்கள் ஊர்ப் பனியில் கட்டை ஈரம் ஏறி நிற்கும். ஈரத்தின்மேல் மாவு போட்டால் களிம்பாகி வழுக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, பழைய மாவுப் படலத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த பிறகே பூசுங்கள்.