ஓட்டி முடித்த பிறகு குடித்தது: சில கேள்விகள்

கே: ஜாலான் ஈப்போவில் காடி (கார்) டிவைடரில் உரசியது. வீட்டுக்கு வந்து, படபடப்பு அடங்க ரெண்டு பெக் விஸ்கி போட்டேன். சம்பவம் நடந்து ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் ஆல்கஹால் 85 மில்லிகிராம். அது பிறகு குடித்ததுதானே? (செந்தூல்)

ப: அப்படி வாதாடலாம், ஆனால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். சோதனையில் வந்த அளவுக்குக் குறையாமல் ஓட்டும்போதும் இருந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பிறகு குடித்தேன் என்று மட்டும் காட்டினால் போதாது. அதைக் குடிக்காமல் இருந்திருந்தால் வரம்பைத் தாண்டியிருக்காது என்றும் காட்ட வேண்டும். மலேசியாவில் 2020 அக்டோபர் 23 முதல் வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் (முன்பு 80), மூச்சில் 22 மைக்ரோகிராம்.

இனி கணக்கு. ரெண்டு பெக், அதாவது 60 மில்லி விஸ்கியில் ஏறக்குறைய 19 கிராம் ஆல்கஹால். 70 கிலோ ஆணுக்கு அது சுமார் 40 மில்லிகிராமை ஏற்றும். 85இல் 40 போனால் 45, தப்பித்தோம் என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உடல் மணிக்குச் சுமார் 15 எரிக்கிறதே! ஒன்றரை மணி நேரத்தில் எரிந்த 22ஐத் திரும்பச் சேர்த்தால், ஓட்டியபோது 67. ஊசி போடுவதற்குச் சற்று முன்தான் குடித்தீர்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம்: முழுதும் இரத்தத்தில் கலந்திராததால் 40ஐயும் கழிக்க முடியாது.

வீட்டு பெக் 30 மில்லி என்பதற்கும் உத்தரவாதமில்லை. போத்தல், கிளாஸ், உடனிருந்தவரின் சாட்சியம் வேண்டும்; சோதிக்க வந்த அதிகாரியிடமே சொல்லிப் பதிவாகியிருந்தால் எடை கூடும். மாதங்கள் கழித்து முளைக்கும் விஸ்கியை யாரும் நம்புவதில்லை. ஜோடிக்க நினைத்தால், பொய்ச் சாட்சியத்துக்கு 7 ஆண்டு வரை சிறை.

கே: மவுத்வாஷ் கொப்பளித்தால் போலீஸ் ஊதச் சொல்லும் மீட்டர் ஏறுமா? (ஜெலுத்தோங்)

ப: ஏறும், ஆனால் வாயில் தங்கும் ஆல்கஹால் சுமார் 15 நிமிடத்தில் போய்விடும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் எண் இறங்கவில்லை என்றால் அது மவுத்வாஷ் இல்லை.

கே: ஊத மறுத்தால்? (பட்டர்வொர்த்)

ப: தக்க காரணமின்றி மறுப்பதே தனிக் குற்றம். மருத்துவமனையில் படுத்திருப்பவரிடம் மாதிரி கேட்பதற்கு முன் பொறுப்பு மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் ஆட்சேபித்தால் கேட்க முடியாது.

கே: குடித்துவிட்டுக் காடியிலேயே தூங்கினால்? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

ப: ஓட்டாவிட்டாலும், போதையில் வாகனத்தைப் பொறுப்பில் வைத்திருப்பது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 45ஆவது பிரிவில் குற்றம். போதை தெளியும்வரை ஓட்ட வாய்ப்பே இருக்கவில்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஓட்டுநர் இருக்கையில், எஞ்சின் ஓட, ஏர்கோன் போட்டுத் தூங்கியவருக்கு அது கஷ்டம். சாவி நண்பரிடமும் நீங்கள் பின்சீட்டிலும் இருந்தால் பேச இடமிருக்கிறது.