வெள்ள எச்சரிக்கை மனு: சென்னைக்கா, கொக்கிரகுளத்துக்கா?

அண்ணாச்சி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள தங்கள் ஊருக்கு முன்னறிவிப்பு வரவில்லை என்றும், முதலமைச்சருக்கே மனு அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாநில ஆணையத்துக்கு முதலமைச்சரும், மாநிலச் செயற்குழுவுக்குத் தலைமைச் செயலாளரும் தலைவர்கள். ஆனால் எந்தத் தெருவில் யார் அறிவிப்பது என்பதெல்லாம் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையத்தின் வேலை. ஆகவே கொக்கிரகுளத்திலுள்ள திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கே எழுதுங்கள். பொதுவாகக் குறைகூறுவதைவிட, 31ஆம் பிரிவின்படி ஆண்டுதோறும் திருத்தப்பட வேண்டிய மாவட்டத் திட்டத்தில் தங்கள் ஊர் பாதிக்கப்படக்கூடிய பகுதியாகக் குறிக்கப்பட்டுள்ளதா, அணைநீர் திறப்பை ஊருக்குச் சொல்லும் பொறுப்பு எந்த அலுவலருடையது என்று கேட்பதே, என் கருத்தில், பலன் தரும். வட்டாட்சியருக்கும் நகல் கொடுங்கள் (ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்). மழை வலுத்தபின் மனு உதவாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077இல் அழையுங்கள்.