பிள்ளைக்கு கோடிங் எப்போ, எப்படி? - கம்ப்யூட்டர் டீச்சர் பதில்கள்

லீவு விட்டதும் விட்டாங்க, இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல கோடிங் பத்தித்தான். ஒரே மாதிரி வந்ததையெல்லாம் சேர்த்து ஆறு கேள்வி எடுத்துக்கிட்டேன்.

என் பொண்ணுக்கு ஆறு வயசு, ஒண்ணாங்கிளாஸ். ஒரு ஆன்லைன் கோடிங் கிளாஸ்ல ஃப்ரீ டெமோ கொடுத்தாங்க, வருஷத்துக்கு 48,000 ரூபாயாம். இப்பவே சேர்க்கலைன்னா மத்த பிள்ளைங்களை விட பின்தங்கிடுவான்னு அந்த சார் சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே வரல டீச்சர். நகையை வெச்சாவது சேர்த்துடட்டுமா?
– ஒரு அம்மா, திருச்சி

நகையை பீரோவுலயே வைங்கம்மா. ஆறு வயசுல கோடிங் கத்துக்காததால எந்தப் பிள்ளையும் பின்தங்கிப் போறதில்ல. நான் பதினொண்ணாம் கிளாஸுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்குறேன், எங்கிட்ட வர்ற பிள்ளைங்கள்ல முக்கால்வாசிப் பேர் அதுக்கு முன்னாடி ஒரு வரி புரோகிராம் கூட எழுதினதில்ல, ரெண்டு மாசத்துல பிடிச்சுக்குறாங்க. திணர்றது யாருன்னா, புரோகிராமை நெட்டுரு பண்ணி வர்றவங்க, அவுட்புட் தப்பா வந்தா எங்க தப்புன்னு தேடாம நோட்டை அப்படியே எங்கிட்ட நீட்டிடுவாங்க. தேடுற பழக்கம் வரணும், அவ்ளோதான், அதை உங்க சமையலறையிலயே கொண்டு வரலாம்.

தயிர்சாதம் விளையாட்டுன்னு நாங்க வீட்ல விளையாடுவோம். நீங்க ரோபோ, அவ சொல்றதை மட்டும், சொன்ன மாதிரியே செய்யணும், நீங்களா எதுவும் யோசிச்சு செய்யக் கூடாது. அவ "சாதம் போடு"ம்பா, நீங்க தரையில போடப் போற மாதிரி கையைக் கொண்டு போங்க, கத்துவா, "கிண்ணத்துல!"ன்னு திருத்துவா. "தயிர் ஊத்து"ம்பா, டப்பா மூடியைத் திறக்கவே சொல்லலையே, மூடியோடவே கவுத்துங்க. விழுந்து விழுந்து சிரிப்பா, ஆனா அடுத்த தடவை "முதல்ல மூடியைத் திற, அப்புறம் ரெண்டு கரண்டி எடு"ன்னு வரிசையா வரும். கம்ப்யூட்டரும் இப்படித்தான், சொன்னதைத்தான் செய்யும், நாம மனசுல நினைச்சதை செய்யாது. இன்னும் கொஞ்ச நாள் போனா "கட்டி போற வரைக்கும் பிசை"ன்னுவா, அது லூப். "உப்பு பத்தலைன்னா இன்னும் கொஞ்சம் போடு"ன்னுவா, அது கண்டிஷன். அந்தப் பேரெல்லாம் இப்போ சொல்லித் தரவே வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள், அவ தப்பா சொல்லும்போது "அப்படி இல்லடி, இப்படி சொல்லு"ன்னு நீங்க முந்திக்காதீங்க. தப்பை அவளே கண்ணால பார்த்து அவளே சரி பண்ற அந்த அரை நிமிஷம் இருக்கு பாருங்க, நீங்க தேடுற கோடிங் கிளாஸே அதுதான், அதை அவகிட்ட இருந்து பிடுங்கிடாதீங்க.

ஸ்கிரீன்ல ஏதாவது காட்டியே ஆகணும்னா ஸ்கிராட்ச் ஜூனியர் இருக்கு, 5 வயசுல இருந்து 7 வயசு வரைக்கும்னு அமெரிக்காவுல இருக்குற டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டியும் எம்ஐடியும் சேர்ந்து பண்ணினது, 2014ல வந்துச்சு. டேப்ல போடலாம், காசு கிடையாது. எழுத்தே படிக்க வேண்டாம், எல்லாம் படம் போட்ட கட்டைங்க, ஒண்ணோட ஒண்ணு கோத்தா பூனை நடக்கும், குதிக்கும். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும், அதுவும் நீங்க பக்கத்துல உக்காந்து.

எங்க வாசல்ல நான் கோலம் போடும்போது பேரன் வந்து "பாட்டி, நீங்க போடறதும் புரோகிராம்தான்"னு சொல்றான். ஏழாவது படிக்கிறான். கிண்டல் பண்றானா, நிஜமா சொல்றானா?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

நிஜமாத்தாம்மா சொல்றான், அவனுக்கு ஒரு லட்டு கொடுங்க. மார்கழி மாச பத்திரிகையில கோலத்துக்குக் கீழ எப்படிப் போட்டிருப்பாங்க? "7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி." இந்த ஒரு வரியைப் படிச்சுட்டு நீங்க 4, 5, 6, 7, 6, 5, 4ன்னு மொத்தம் 37 புள்ளியையும் பிசகாம வெச்சுடுவீங்க. 37 புள்ளியும் எங்கெங்க இருக்கணும்னு யாரும் எழுதித் தரல, எப்படி வைக்கணும்ங்கற விதியைத்தான் தந்தாங்க. சின்ன விதியை வெச்சு பெருசா ஒண்ணைக் கட்டறதுக்குப் பேர்தான் புரோகிராம்.

இதை தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல பேராசிரியரா இருந்த கிஃப்ட் சிரோமணி எப்பவோ பிடிச்சுட்டார். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து, ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதுற மாதிரி கோலத்துக்கு இலக்கணம் எழுத முடியும்னு 1974ல ஆராய்ச்சிக் கட்டுரையே போட்டாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல அது பேர் வாங்கின கட்டுரை. நம்ம வாசல் தெளிச்ச தரையில இருந்து போன விஷயம் அதுன்னு நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும், கிளாஸ்ல முதல் நாள் இதைச் சொல்லாம நான் பாடம் ஆரம்பிக்கிறதே இல்ல.

பேரனோட இதையே ஒரு படி மேல கொண்டு போகலாம். 1967ல அமெரிக்காவுல சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சைக்னு மூணு பேர் சேர்ந்து குழந்தைகளுக்காகவே லோகோன்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி உருவாக்கினாங்க. பின்னாடி அதுல ஒரு ஆமை வந்து சேர்ந்துச்சு, முன்னாடி நட, வலது பக்கம் திரும்புன்னு சொன்னா கோடு போட்டுக்கிட்டே போகும். சதுரம் வேணும்னா "100 அடி நட, 90 டிகிரி திரும்பு", இதை 4 தடவை. இப்போ அவன்கிட்ட முக்கோணம் போடச் சொல்லுங்க. கணக்கு கிளாஸ்ல மூணு பக்கமும் சமமா இருந்தா கோணம் 60னு படிச்சிருப்பான், "60 திரும்பு, 3 தடவை"ன்னு டக்குனு சொல்லுவான், ஆனா ஆமை முக்கோணம் போடாது, அறுகோணத்துல பாதியைப் போட்டுட்டு எங்கயோ போய் நிக்கும். ஏன்னு நீங்களும் சொல்லாதீங்க. மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போய் சாக்பீஸ்ல முக்கோணம் வரைஞ்சு அது மேல அவனை நடக்கச் சொல்லுங்க, முனையில திரும்பும்போது உடம்பு எவ்ளோ திரும்புதுன்னு அவனே உணரட்டும். உள்ள இருக்குற கோணம் 60, ஆனா நடந்து போறவன் திரும்பறது 120. ஒரு சுத்து சுத்தி பழைய இடத்துக்கு வந்தா மொத்தம் 360 திரும்பியிருப்பான், அதை மூணால வகுத்தா 120. இதைப் பிடிச்சுட்டான்னா அஞ்சு முனை நட்சத்திரத்தைக் கேளுங்க, 144 டிகிரி, 5 தடவை. மொத்தம் 720 வருதே, எப்படின்னு கேப்பான், நட்சத்திரத்து மேல நடந்து பார்த்தா ரெண்டு முழு சுத்து சுத்தியிருக்கோம்னு அவனுக்கே தெரிஞ்சுடும். எங்க ஸ்கூல்ல ஒரு பையன் இதுக்கு மூணு நாள் எடுத்துக்கிட்டான், நாலாவது நாள் ப்ரேயருக்கு முன்னாடியே ஓடி வந்து சொன்னான், அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

நான் அச்சகத்துல வேலை பார்க்குறேன். பையன் அரசுப் பள்ளியில எட்டாவது. லேப்டாப் வாங்க வசதியில்ல, வீட்ல ஒரே ஒரு ஆண்ட்ராய்ட் போன். அதுல ஏதாவது முடியுமா மேடம்?
– ஒரு அப்பா, சிவகாசி

முடியும் சார். பாக்கெட் கோட்னு ஒரு ஆப் இருக்கு, ஆஸ்திரியாவுல இருக்குற கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல பண்ணினது, இலவசம். ஸ்கிராட்ச் மாதிரியே கட்டை கோத்து கோத்து போன்லயே சின்ன கேம் பண்ணலாம். ஸ்கிராட்ச் எம்ஐடியில மிட்செல் ரெஸ்னிக் குழு பண்ணினது, 2007ல வந்தது, 8 வயசுல இருந்து 16 வயசுக்கு அதுதான் என் முதல் சாய்ஸ், ஆனா போன் திரை அதுக்குப் பத்தாது. பையன் ஸ்கூல்ல லேப் இருந்தா வாரத்துல ஒரு மணி நேரம் உக்கார விடுவாங்களான்னு நீங்களே போய் டீச்சர்கிட்ட கேளுங்க, தயங்காதீங்க. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துலயே ஸ்கிராட்ச் இருக்கு, அதனால ஊர்ல இல்லாததைக் கேக்குற மாதிரி ஆகாது.

போன் இல்லாத நேரத்துக்கு, வீட்ல பல்லாங்குழி இருந்தா எடுங்க. ஒரு குழி முத்தை அள்ளி ஒண்ணொண்ணா போட்டுக்கிட்டே போறோம், தீர்ந்ததும் அடுத்த குழியை அள்றோம், அடுத்த குழி காலியா இருந்தா அதுக்கு அடுத்ததை ஜெயிச்சு எடுத்துக்குறோம். ஒவ்வொரு ஊருக்கும் ஆட்டம் கொஞ்சம் மாறும், உங்க வீட்டு ஆட்டத்தை அவனை ஒரு பேப்பர்ல படிப்படியா எழுதச் சொல்லுங்க, அதைப் படிச்சுட்டு பல்லாங்குழியே தெரியாத ஒரு பிள்ளை விளையாடணும். எழுதறது சுலபம்னு நினைப்பான், முதல் தடவை கண்டிப்பா எங்கயாவது மாட்டும், எந்தப் பக்கமா சுத்தணும்னே எழுதியிருக்க மாட்டான்.

தமிழ் மீடியம் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராம கோடிங் வருமா?
– ஒரு வாசகர், தர்மபுரி

தாராளமா வரும். முத்து அண்ணாமலை உருவாக்கின எழில்னு தமிழ்லயே எழுதுற கம்ப்யூட்டர் மொழியே இருக்கு, திரையில ஒண்ணைக் காட்டணும்னா "பதிப்பி"ன்னு எழுதணும். எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, இங்கிலீஷ் மொழிங்கள்ல "இஃப்" முதல்ல வரும் நிபந்தனை பின்னாடி வரும், எழில்ல நிபந்தனை முதல்ல, "ஆனால்" பின்னாடி. "மழை பெய்தால்"னு நாம பேசுற வரிசையே அதுதானே. யோசனையை தமிழ்ல பழகிட்டு பின்னாடி பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழிக்குப் போனா தெரிஞ்சுக்க வேண்டிய இங்கிலீஷ் வார்த்தை ஒரு முப்பது நாப்பதுதான், அது ஒரு வாரத்து வேலை. நம்ம பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பைத்தான்தான் வருது, அதனால அந்தப் படிப்பு வீண் போகாது.

இப்போதான் ஏஐயே கோட் எழுதிக் கொடுக்குதே, பிள்ளைங்க எதுக்குக் கத்துக்கணும்?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

கால்குலேட்டர் வந்தப்புறமும் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்குறோமே, அதே காரணம்தான். அது எழுதிக் கொடுத்தது சரியா தப்பான்னு பார்க்க ஒரு ஆள் வேணும், தனக்கு என்ன வேணும்னு தெளிவா சொல்லவும் ஒரு ஆள் வேணும், தயிர்சாதம் விளையாட்டுல பழகறது இந்த ரெண்டையும்தான். பத்து பன்னிரண்டு வயசு வரைக்கும் ஏஐகிட்ட விடையைக் கேட்டு வாங்க விடாதீங்க, இது என் கருத்து, இதுல நான் கொஞ்சம் கண்டிப்பாவே இருப்பேன்.

டீச்சர், கம்ப்யூட்டருக்கு 0, 1 மட்டும்தான் தெரியும்னு மிஸ் சொன்னாங்க. அப்போ நான் தமிழ்ல டைப் பண்றது அதுக்கு எப்படிப் புரியுது?
– அஞ்சாம் கிளாஸ் மாணவி, திருநெல்வேலி

இந்த மாசத்துலயே நல்ல கேள்வி உன்னோடதுதான் பாப்பா. கம்ப்யூட்டர் உள்ள கோடிக்கணக்குல குட்டிக் குட்டி சுவிட்ச் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒண்ணு ஆன், இல்ல ஆஃப். பத்து விதமா வெச்சா எது ஏழு எது எட்டுன்னு குழம்பிடும், ரெண்டே விதம்னா குழப்பமே வராது.

அஞ்சு அட்டை வெட்டிக்கோ. ஒண்ணுல 1 புள்ளி, அடுத்ததுல 2, அப்புறம் 4, 8, 16, ஒவ்வொண்ணும் முன்னதுக்கு ரெண்டு மடங்கு. 16 இடது கைப் பக்கம், 1 வலது கைப் பக்கம் வர்ற மாதிரி வரிசையா வை. புள்ளி தெரிஞ்சா அது 1, கவுத்து வெச்சா 0. அஞ்சும் தெரிஞ்சா 31. இப்போ 8ம் 1ம் மட்டும் தெரியட்டும், எவ்ளோ? 9. அதை கம்ப்யூட்டர் 01001னு வெச்சுக்கும். நியூசிலாந்துல ஒரு யுனிவர்சிட்டிக்காரங்க கம்ப்யூட்டரே இல்லாம கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லித் தர்றாங்க, அவங்ககிட்ட கத்துக்கிட்ட விளையாட்டு இது. 1ல இருந்து 31 வரைக்கும் எந்த நம்பரையாவது வைக்க முடியாம போகுதான்னு தேடிப் பாரு.

எழுத்துக்கு வர்றேன். உலகத்துல இருக்குற எழுத்துக்கெல்லாம் யூனிகோட்னு ஒரு பட்டியல்ல ஆளுக்கொரு நம்பர் கொடுத்திருக்காங்க. நம்ம "அ"வோட நம்பர் 2949, "ஆ" 2950. நீ "அ"வைத் தட்டினதும் அது வெச்சுக்குறது அந்த நம்பரைத்தான். அட்டையை 32, 64னு ரெண்டு மடங்காக்கிக்கிட்டே 2048 வரைக்கும் செஞ்சா மொத்தம் 12 அட்டை வரும், புள்ளி வைக்க இடம் பத்தாது, நம்பரையே எழுதிக்கோ. அந்த 12ல ஆறு அட்டை மட்டும் தெரிஞ்சா "அ" வந்துடும். எந்த ஆறுன்னு நான் சொல்ல மாட்டேன், பெரிய அட்டையில இருந்து ஆரம்பி, கண்டுபிடிச்சு எனக்கு எழுது.