புதிய பேட்டரி போட்டும் இறங்கிவிடுகிறது, ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். ஆல்டர்னேட்டர் என்பது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம், மெக்கானிக்குகள் டைனமோ என்பதும் அதைத்தான். எங்கே மீட்டரை வைத்து அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பேட்டரி முனையில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு "13 வோல்ட்தான் காட்டுது, டைனமோ போச்சு" என்று சொல்லியிருந்தால் அது பாதிச் சோதனைதான்.

எனக்கும் இதே கதை நடந்ததால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நான் இருப்பது பெங்களூர், மாரத்தஹள்ளிப் பக்கம். பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டுக்கொண்டு ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தால் மறுநாள் காலையில் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றும். சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மாற்றினார்கள், கொஞ்ச நாளில் மறுபடி அதே இழுவை. அடுத்த முறை ஆல்டர்னேட்டர் என்றார்கள், கூலியோடு 14,000 ரூபாய். செல்ஃப் மோட்டாரும் வீக்காம். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிக் கெடும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

எஸ்.பி. ரோட்டில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வந்து நானே பார்த்தேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.5. நல்ல பேட்டரி 12.6 பக்கம் இருக்கும், அதனால் அது பரவாயில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஏசி, ஹெட்லைட், பின் கண்ணாடி டீஃபாகர் எல்லாம் போட்டு, ஒருவரை ஆக்ஸிலேட்டரை லேசாக மிதிக்கச் சொல்லி அளந்தால் பேட்டரியில் 13.1. பொதுவாக 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். இதுவரை அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் சிவப்பு முள்ளை ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் ஏறும் போல்ட்டிலும் கறுப்பு முள்ளை அதன் உடம்பிலும் வைத்தால் 14.3! ஆல்டர்னேட்டர் ஒழுங்காகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது, நடுவில் எங்கேயோ 1.2 வோல்ட் காணாமல் போனது.

எங்கே என்று கண்டுபிடிப்பதும் பெரிய வித்தை இல்லை. ஏசி, லைட் என்று எல்லா லோடும் ஓடும்போதே, ஆல்டர்னேட்டர் போல்ட்டிலிருந்து பேட்டரி பிளஸ் வரை அளந்தேன், நடுவில் தொலைந்தது 0.1 வோல்ட்தான். அது நல்லது. ஆல்டர்னேட்டர் உடம்பிலிருந்து பேட்டரி மைனஸ் வரை 1.1. அங்கே 0.2க்கு மேல் போனாலே சந்தேகப்பட வேண்டும். கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியான, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றிப் பார்த்தால், மேலே பார்க்க நன்றாக இருந்த லக்குக்கு (போல்ட் ஏறும் முனை வளையம்) அடியில் பச்சைப் பொடி பூத்திருந்தது, உள்ளே இருந்த செம்புக் கம்பிகளில் பாதி விரல் பட்டதும் உதிர்ந்துவிட்டன. செல்ஃப் மோட்டாரின் கரண்டும் அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும், அதனால்தான் அதுவும் இழுத்தது. அல்சூரில் வயரிங் வேலை செய்யும் நம்ம ஊர் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன், "எர்த்த பாக்காம டைனமோவ எதுக்குண்ணே கழட்டணும்?" என்றார். சில நூறு ரூபாயில் புதுப் பட்டை போட்டார். இப்போது பேட்டரியிலும் 14க்கு மேல்தான்.

இந்தச் சோதனையைக்கூட எங்கள் அபார்ட்மெண்ட்டில் நிம்மதியாகச் செய்ய விடவில்லை. பானெட்டைத் திறந்ததுமே செக்யூரிட்டி வந்துவிட்டார், பார்க்கிங்கில் ரிப்பேர் வேலை கூடாது என்று அசோசியேஷன் தீர்மானமாம். மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறேன், என் இடத்தில் என் வண்டியில் மீட்டர் வைப்பது யாருக்கு இடைஞ்சல்? ராத்திரி பத்து மணிக்கு டிரில் போடுகிறவர்களைக் கேட்க ஆளில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுக்காரர் என்றோ ஆல்டர்னேட்டர் கெடவே கெடாது என்றோ நான் சொல்லவில்லை, யாரும் அப்படித் திரித்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம். பிரஷ் தேயும், டயோடு போகும், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போனால் 15க்கு மேல் ஏறி பேட்டரியைக் கொதிக்கவிடும். ஆல்டர்னேட்டரிலேயே அளந்தும் 13க்குக் கீழே என்றால், பெல்ட் வழுக்குகிறதா என்று பார்த்துவிட்டு அதைக் கழற்றச் சொல்லலாம். இன்னொன்று, புது மாடல்களில் பேட்டரி மைனஸில் சென்சார் வைத்து கணினியே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அதில் 12.8 காட்டினால் அதை மட்டும் வைத்துக் கோளாறு என்று முடிவு கட்ட முடியாது, லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சோதிக்கிறேன் என்று யாராவது வந்தால் தயவுசெய்து விடாதீர்கள், வோல்டேஜ் எகிறி ஈசியூ (வண்டியின் கணினி) போய்விடலாம். பெல்ட் பக்கம் துப்பட்டா, தொளதொள சட்டைக் கை எதுவும் போகக் கூடாது, ஃபேன் தானாகவே சுற்ற ஆரம்பிக்கும்.

வண்டி மாடல், வருடம், அப்புறம் பேட்டரியில், ஆல்டர்னேட்டரில், எர்த்தில் என்ன வருகிறது என்று மூன்றையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.